மெத்தனாலே கரைப்பானாகவும் வினைபடுபொருளாகவும் இருக்கும் மின்பகுப்பில் வரும் கோளாறுகள்: மலை ஆய்வகங்களுக்கான அறிகுறிவாரி வழிமுறை

மெத்தனாலைக் கரைப்பானாக ஊற்றி, அதையே வினைபடுபொருளாகவும் பயன்படுத்தும் நேர்மின்வாய் மெத்தாக்சியேற்றம் (நேர்மின்வாயில் எலக்ட்ரானை இழந்த மூலக்கூறில் மெத்தனாலின் மெத்தாக்சி தொகுதியைச் சேர்ப்பது) சிறு ஆய்வகங்களுக்கு மிகவும் ஏற்ற தொகுப்பு முறை. விலை கூடிய ஆக்சிஜனேற்றிகளோ உலோக வினையூக்கிகளோ இதற்குத் தேவையில்லை. இரண்டு மின்வாய்களும், ஒரு டி.சி. பவர் சப்ளையும், ஒரு காந்தக் கலக்கியும் போதும். ஆனால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி ஆகிய ஊர்களில் இதைச் செய்கிற மாணவர்களும் ஆசிரியர்களும் கொண்டுவரும் கோளாறுகள் ஆண்டுக்கு ஆண்டு ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் வேதியியல் அன்று. காற்றிலுள்ள ஈரமும், மலையின் குறைந்த காற்றழுத்தமும், துருப்பிடித்த கிளிப்புகளும்தான். அதனால்தான் ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு மிகுந்ததைக் கடைசியிலும் வைத்து இதை எழுதியிருக்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு மாதிரி ஓட்டம் வேண்டும். கீழே வரும் கணக்குகள் அனைத்தும் இதைச் சார்ந்தவை: 4-மெத்தில் அனிசோல் 10 மில்லிமோல் (1.22 கிராம்), மெத்தனால் 50 மில்லிலிட்டர், மின்னோட்டத்தைக் கடத்தும் உப்பாக டெட்ராஎதில் அமோனியம் டோசிலேட் 1.5 கிராம், கிராஃபைட் நேர்மின்வாய், துருப்பிடிக்காத எஃகு எதிர்மின்வாய், இடைவெளி 5 மில்லிமீட்டர், கரைசலில் மூழ்கிய பரப்பு 10 சதுர சென்டிமீட்டர், மின்னோட்டம் 200 மில்லிஆம்பியர், தடுப்புச் சவ்வு இல்லாத ஒரே கலம். விளைபொருள் அனிசால்டிஹைடு டைமெத்தில் அசிட்டால், அதாவது அனிசால்டிஹைடின் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் இரண்டு மெத்தாக்சி தொகுதிகள் உள்ள சேர்மம்; கீழே அசிட்டால் என்பது இதையும், ஆல்டிஹைடு என்பது அனிசால்டிஹைடையும் குறிக்கும். வாசனைப் பொருள் தொழிலுக்காக ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். வேதிப்பொருள் நிறுவனம் பெரிய அளவில் செய்துவருவதும் இதே வகை வினைதான். ஒரு மூலக்கூறுக்கு 4 எலக்ட்ரான் என்பதால் தேவைப்படும் மின்னூட்டம் 3,859 கூலும்; 200 மில்லிஆம்பியரில் அது 5 மணி 22 நிமிடம். எல்லாம் ஒழுங்காக இருந்தால் மின்னழுத்தம் ஏறத்தாழ 5 முதல் 8 வோல்ட்டுக்குள் நிற்கும், எதிர்மின்வாயில் மட்டும் குமிழி வரும், கரைசல் வெளிர் மஞ்சளைத் தாண்டாது.

எந்தச் சோதனைக்காகக் கலத்தைத் தொடுவதாக இருந்தாலும், முதலில் பவர் சப்ளையை அணைத்துவிட்டு, ஃபியூம் ஹுட்டின் (ஆவிகளை விசிறியால் வெளியேற்றும் ஆய்வகப் பெட்டியின்) கண்ணாடியைத் தாழ்த்தி, சில நிமிடம் காற்றோட்டம் விட்ட பிறகே கிளிப்பைக் கழற்ற வேண்டும். கலத்தின் மேற்பகுதியில் ஹைட்ரஜனும் மெத்தனால் ஆவியும் கலந்து நிற்கின்றன. காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை ஹைட்ரஜனும், 6 முதல் 36 சதவீதம் வரை மெத்தனால் ஆவியும் தீப்பிடிக்கக்கூடியவை. மின்னோட்டம் ஓடும்போது கிளிப்பைப் பிடுங்கினால் வரும் ஒரு சிறு பொறி போதும். மெத்தனாலின் தீப்பற்று வெப்பநிலை 11, 12 டிகிரி செல்சியஸ் என்பதால், ஜனவரி மாதத்து ஊட்டி விடியற்காலையில் அறையே அதைவிடக் குளிர்ந்திருக்கிறது என்று சிலர் துணிகிறார்கள். ஹைட்ரஜனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

## அறிகுறி 1: மின்னழுத்தம் உச்சவரம்புக்கு ஏறுகிறது, மின்னோட்டம் குறைகிறது

இது தொடக்கத்திலேயே நிகழ்கிறதா, ஓட்டத்தின் நடுவில் நிகழ்கிறதா என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

### தொடங்கியதுமே ஏறினால்

முதலில் கிளிப்புகளைப் பார்க்கவும். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பவர் சப்ளையின் வெளியேற்று முனையிலும், மறு முனையை நேரடியாக மின்வாயின் உடலிலும் தொட்டு, மின்னோட்டம் ஓடும்போது அளக்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் இணைப்பு நன்றாக இருக்கிறது. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டினால் அந்த மின்னழுத்தம் முழுவதும் கிளிப்பிலும் கம்பியிலும் வீணாகிறது. ஈரக்காற்றில் இருக்கும் செம்புக் கிளிப்பின் பற்களில் பச்சை பூத்திருப்பது வெளியிலிருந்து தெரியாது. கிளிப்பை விரித்து உள்பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

கிராஃபைட் மின்வாயில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. கிராஃபைட் நுண்துளைகள் கொண்டது. அது உப்பு கரைந்த மெத்தனாலைத் திரி எண்ணெயை இழுப்பதுபோல மேலே இழுத்துக் கிளிப்பு வரை கொண்டுசெல்கிறது. அங்கே செம்பு நேர்மின்வாயாகவே கரையத் தொடங்கும். கண்ணால் கண்டுபிடிக்க வழி உண்டு: கிளிப்பு கவ்விய இடத்துக்குக் கீழே கிராஃபைட்டின் மேல் மெல்லிய நீலப்பச்சைக் கோடு இறங்கியிருக்கும், எதிர்மின்வாயைக் கழுவித் துடைத்துப் பார்த்தால், எஃகின் வெள்ளை நிறத்துக்கு மேல் செந்நிறப் படிவு தெரியும். அந்தச் செந்நிறம் செம்பு. அதைப் பார்த்த பிறகு கிளிப்பை மட்டும் மாற்றினால் போதாது. மின்வாயின் மேல் ஒரு சென்டிமீட்டர் பகுதியை நன்கு உலர்த்தி, உருக்கிய பாரஃபின் மெழுகில் தோய்த்துத் துளைகளை அடைத்து, தொடர்புக்கான முகத்தை மட்டும் சுரண்டி, அதில் எஃகுப் பட்டை ஒன்றை வைத்துக் கிளிப்பைக் கவ்வ விட வேண்டும். கூலும் கணக்கில் ஒரு பங்கைச் செம்பு தின்றிருக்கும் என்பதால், அந்த ஓட்டத்தின் விளைச்சலை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

இணைப்பு சரி என்றால் அடுத்தது உப்பு. டெட்ராஎதில் அமோனியம் டோசிலேட் ஈரத்தை மிக விரைவாக இழுக்கும். தென்மேற்குப் பருவமழை நாட்களில் புட்டியைத் திறந்து எடைபோட்டு முடிப்பதற்குள்ளேயே அது பிசுபிசுக்கத் தொடங்கிவிடும். அப்படி எடைபோட்ட 1.5 கிராமில் உப்பு எவ்வளவு, நீர் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. உப்பு குறைவதால் கடத்துதிறன் குறைகிறது. கூடவே நீர் கலப்பதால் அறிகுறி 3-உம் தொடர்ந்து வரும். வெற்றிட அடுப்பில் உலர்த்தி, சிறு சிறு குப்பிகளில் ஓர் ஓட்டத்துக்கு ஒன்றாகப் பிரித்து, சிலிக்கா ஜெல் வைத்த உலர்கலத்தில் அடைத்து வைப்பதே சரியான வழி. உலர்கலத்தின் சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மலையில் அது சமவெளியைவிட அடிக்கடி மாறும்.

அடுத்து, கரைசலின் குளிர்ச்சி. 8 டிகிரியில் இருக்கும் மெத்தனாலில் அயனிகள் 25 டிகிரியில் இருப்பதைவிட மெதுவாகவே நகரும். 25 டிகிரித் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் கலத்தை வைத்து அரை மணி நேரம் கழித்துத் தொடங்கினால் மின்னழுத்தம் தானாகவே இறங்கும். ஹீட்டரையோ சூடான தட்டையோ நேரடியாகக் கலத்துக்கு அடியில் வைக்கக் கூடாது.

இவை எதிலும் குறை இல்லையென்றால் பவர் சப்ளையைச் சந்தேகிக்கலாம். கலத்தைக் கழற்றிவிட்டு, 100 ஓம், 10 வாட் கம்பிச்சுற்று மின்தடை ஒன்றை அதன் இடத்தில் இணைத்து, 100 மில்லிஆம்பியர் நிறுத்தவும். திரையில் 10 வோல்ட் காட்ட வேண்டும். தனியாக மல்டிமீட்டரிலும் 10 வோல்ட் வர வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் கருவி நலம், குறை கலத்தில்தான். மல்டிமீட்டரும் திரையும் முரண்பட்டால் பவர் சப்ளையைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டும். அதன் மூடியை ஆய்வகத்திலேயே திறக்கக் கூடாது. அணைத்த பிறகும் உள்ளே மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். கோயம்புத்தூருக்கு அனுப்பி வாங்க நாட்கள் ஆகும் என்பதும், மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலை மண்சரிவால் அடைபடக்கூடும் என்பதும் தெரிந்ததே. ஆகவே எளிய டி.சி. சப்ளை ஒன்று மாற்றாக அலமாரியில் இருப்பது நல்லது.

### ஓட்டத்தின் நடுவில் ஏறினால்

நேர்மின்வாயில் படலம் படிந்திருக்கிறது என்பதே முதல் ஊகம். கலத்தை அணைத்து, மின்வாயை எடுத்து, அசிட்டோனில் நனைத்த துணியால் ஒரு முறை துடைக்கவும். துணியில் பழுப்பு நிறம் ஒட்டினால் அது பலபடிப் படலம். 600, பிறகு 1200 எண் உப்புத்தாளில் மெத்தனால் விட்டுத் தேய்த்து, கழுவித் திரும்பப் போட்டால் மின்னழுத்தம் பழைய நிலைக்கு இறங்கும். அரை மணி நேரத்தில் மறுபடியும் ஏறினால் மின்வாயைத் தேய்த்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை; அறிகுறி 4-க்குச் செல்லவும். துணியில் எதுவும் ஒட்டவில்லை என்றால் எதிர்மின்வாயைப் பார்க்கவும். சோடியம், பொட்டாசியம் உப்புகளைப் பயன்படுத்தியிருந்தால், அங்கே உண்டாகும் மெத்தாக்சைடு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடுடன் சேர்ந்து வெள்ளை மாவுபோலப் படியும். அது தண்ணீரில் கழுவினாலே போய்விடும். கழுவிய மின்வாயை நன்றாக உலர்த்திய பிறகே மெத்தனாலில் இறக்க வேண்டும்.

## அறிகுறி 2: மின்னூட்டம் முழுவதும் கடந்துவிட்டது, ஆனால் தொடக்கப்பொருள் அப்படியே இருக்கிறது

மின்னழுத்தம் 2 வோல்ட்டுக்கும் கீழே இருந்ததா என்று குறிப்பேட்டைப் பார்க்கவும். இருந்திருந்தால் மின்வாய்கள் எங்கோ தொட்டுக்கொண்டிருந்தன. காந்தக் கலக்கியின் குச்சி எதிர்மின்வாயைத் தள்ளி வளைப்பது சாதாரணமாக நடக்கிறது. இடைவெளியில் டெஃப்லான் துண்டு ஒன்றைச் செருகினால் அது தீரும்.

மின்னழுத்தம் இயல்பாக இருந்தால் கணக்கைச் சரிபார்க்கவும். 4 எலக்ட்ரான் வினைக்கு 2 எலக்ட்ரான் கணக்கைப் போட்டு நிறுத்தினால், தொடக்கப்பொருளும், பாதி வழியில் உண்டாகும் 4-மெத்தாக்சிபென்சைல் மெத்தில் ஈதரும், அசிட்டாலும் மூன்றும் கலந்து கிடைக்கும். டி.எல்.சி. (மென்படல நிறப்பகுப்பு) தகட்டில் மூன்று புள்ளிகள் தெரிந்தால் இதுவே காரணம். மின்னூட்டத்தைத் தொடர்ந்து செலுத்தினால் போதும். கியோட்டோ பல்கலைக்கழகத்தில் டட்சுயா ஷோனோ குழுவினர் 1975-இல் வெளியிட்ட வழியில் கார்பமேட்டுகளை மெத்தாக்சியேற்றம் செய்பவர்களுக்கு மாறாக 2 எலக்ட்ரான்தான் கணக்கு. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யும் ஆய்வகங்களில் இந்தக் குழப்பம் வந்துகொண்டே இருக்கிறது.

கணக்கும் சரி என்றால், கலக்கியை ஒரு நிமிடம் நிறுத்தி, நேர்மின்வாயை உற்றுப் பார்க்கவும். கலக்கி ஓடும்போது எதிர்மின்வாயின் குமிழிகள் எங்கும் பரவுவதால் எதையும் தீர்மானிக்க முடியாது. நேர்மின்வாயிலிருந்தே குமிழி கிளம்பினால் நீர் ஆக்சிஜனாக மாறிக்கொண்டிருக்கிறது. கொடுத்த மின்னோட்டம் நீருக்குச் செல்கிறது. அறிகுறி 3-இல் உள்ளபடி மெத்தனாலை உலர்த்த வேண்டும். குமிழியே இல்லாமல் தொடக்கப்பொருளும் குறையவில்லை என்றால், மெத்தனாலே ஆக்சிஜனேறி ஃபார்மால்டிஹைடாகவும் அதன் அசிட்டாலாகவும் மாறிக்கொண்டிருக்கலாம். கரைப்பானே வினைபடுபொருளாக இருக்கும் முறையின் இயல்பான பலவீனம் அது. தொடக்கப்பொருளுக்கு முன்பாகக் கரைப்பான் எரிந்துவிடாமல் இருக்க வேண்டுமானால், தொடக்கப்பொருள் எளிதில் எலக்ட்ரானை இழப்பதாக இருக்க வேண்டும். மெத்தாக்சி தொகுதி உள்ள 4-மெத்தில் அனிசோல் எளிதில் இழக்கும். அத்தகைய தொகுதி ஏதும் இல்லாத டொலுயீன் அவ்வளவு எளிதில் இழக்காது. பிளாட்டினத்தை விட்டுக் கிராஃபைட்டுக்கு மாறிப் பார்க்கலாம், தொடக்கப்பொருளின் செறிவைக் கூட்டலாம், மின்னோட்ட அடர்த்தியைப் பாதியாகக் குறைக்கலாம். மூன்றும் உதவவில்லை என்றால், சுழற்சி வோல்ட்டாமெட்ரி வசதி உள்ள இடத்தில் அந்தப் பொருளின் ஆக்சிஜனேற்ற மின்னழுத்தத்தை அளந்துவிட்டு மேற்கொண்டு போவதே சரி. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் இருப்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஃபியூரானை மெத்தாக்சியேற்றம் செய்பவர்கள் இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடல்மட்டத்தில் 31 டிகிரியில் கொதிக்கும் ஃபியூரான், ஊட்டியின் காற்றழுத்தத்தில் 24 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். மதிய வெயில் படும் ஜன்னலோரத்தில் கலத்தை வைத்தால் தொடக்கப்பொருள் வினைபுரியாமலே பறந்துவிடும். பனிக்கட்டித் தொட்டி இல்லாமல் அதைச் செய்யக் கூடாது.

### ஹைட்ரஜனை அளந்தால் 100 சதவீதத்துக்கு மேல் வருகிறது

மின்னோட்டம் எங்கே போகிறது என்று அறிய, வெளிவரும் வாயுவைத் தண்ணீருக்கு மேல் கவிழ்த்த அளவுக் குழாயில் சேகரிப்பது நல்ல சோதனை. ஆனால் 0 டிகிரியிலும் கடல்மட்ட அழுத்தத்திலும் ஒரு மோல் வாயுவுக்குரிய 22.4 லிட்டர் கணக்கைப் போட்டுவிட்டு, 140 சதவீதம் ஹைட்ரஜன் வருகிறது, கருவி பழுது என்று முடிவுகட்டுபவர்கள் இருக்கிறார்கள். மாதிரி ஓட்டத்தில் வெளிவர வேண்டியது 20 மில்லிமோல். 22.4 லிட்டர் கணக்கில் அது 448 மில்லிலிட்டர். ஊட்டி இருக்கும் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 77 கிலோபாஸ்கல். 15 டிகிரியில் நீராவி அதில் 1.7 கிலோபாஸ்கலை எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தை வைத்துக் கணக்கிட்டால் அதே 20 மில்லிமோல் ஏறத்தாழ 636 மில்லிலிட்டர் இடத்தை அடைக்கும். ஆக, அந்த 140 சதவீதம் மலையின் காற்றழுத்தம் காட்டும் எண். கருவியில் குறை இல்லை. நிமிடத்துக்கு 2 மில்லிலிட்டர் வாயு வந்தால் கலம் ஒழுங்காக ஓடுகிறது என்று ஊட்டியில் கொள்ளலாம். குறிப்பிடத்தக்க அளவு குறைந்தால், வாயு எங்கோ கசிகிறது. அல்லது எதிர்மின்வாயில் ஹைட்ரஜனுக்குப் பதிலாக வேறொன்று ஒடுக்கமடைகிறது. கசிவைச் சோப்புக் கரைசல் தடவிப் பார்த்துத் தீர்த்துவிட்டே இரண்டாவதைச் சந்தேகிக்க வேண்டும்.

## அறிகுறி 3: அசிட்டாலுக்குப் பதிலாக ஆல்டிஹைடு கிடைக்கிறது

மழைக்காலத்தில் வரும் கேள்விகளில் பெரும்பங்கு இதுதான். இங்கே முதலில் தீர்மானிக்க வேண்டியது, ஆல்டிஹைடு கலத்திலேயே உண்டானதா, பின்னர் நாமே உண்டாக்கினோமா என்பது. என் அனுபவத்தில் பின்னதற்கே வாய்ப்பு அதிகம். அதைக் கண்டறியச் செலவும் இல்லை.

### பின்னர் உண்டாகிறதா என்று பார்க்க

சிலிக்கா ஜெல்லின் அமிலத்தன்மையே அசிட்டாலை உடைத்துவிடும். டி.எல்.சி. தகட்டின் ஒரு மூலையில் புள்ளி வைத்து ஒரு முறை ஓட்டி, உலர்த்தி, தகட்டை 90 டிகிரி திருப்பி, அதே கரைப்பானில் மறுபடியும் ஓட்டவும். எல்லாப் புள்ளிகளும் மூலைவிட்டத்தின் மேலேயே இருந்தால் தகடு எதையும் உடைக்கவில்லை. மூலைவிட்டத்தை விட்டு விலகி ஒரு புள்ளி நின்றால், அது தகட்டின் மேல் பிறந்த ஆல்டிஹைடு. அப்போது ஓட்டும் கரைப்பானில் 1 சதவீதம் டிரைஎதில் அமீன் சேர்த்தால் அந்தப் புள்ளி மறையும். டைநைட்ரோஃபீனைல் ஹைட்ரசீன் தெளித்து ஆரஞ்சு நிறம் வந்தது என்பதை மட்டும் சான்றாகக் கொள்ளக் கூடாது. அந்தத் தெளிப்புக் கரைசலிலேயே அமிலம் இருப்பதால் அசிட்டாலும் அதே நிறத்தைக் காட்டிவிடும்.

என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) எடுக்கக் கொடுத்த மாதிரி திரும்பி வரும்போது ஆல்டிஹைடாக மாறியிருப்பதும் உண்டு. டியூட்டரியம் ஏற்றிய குளோரோஃபார்மில் சிறிதளவு அமிலம் எப்போதும் இருக்கும். மாதிரியை வேறூருக்கு அனுப்பி, அது இரண்டு மூன்று நாள் குழாயிலேயே கிடக்கும் நிலையில், அந்தச் சிறிதளவே போதுமானது. குளோரோஃபார்மைக் காரத்தன்மையுள்ள அலுமினா வழியாக வடித்துவிட்டுப் பயன்படுத்தவும், அல்லது மாதிரியைத் திடநிலையிலோ எண்ணெயாகவோ அனுப்பி அங்கேயே கரைக்கச் சொல்லவும்.

மெத்தனாலை ஆவியாக்கும் படியிலும் கவனம் தேவை. கரைசல் சற்றே அமிலமாக இருந்தாலும், மெத்தனால் குறையக் குறைய உப்பும் நீரும் செறிந்து அசிட்டால் உடையும். ஆவியாக்குவதற்கு முன் சோடியம் பைகார்பனேட்டையோ சிறிதளவு சோடியம் மெத்தாக்சைடையோ சேர்த்துவிட வேண்டும். பிறகு பிரித்தெடுக்கும்போது எந்த இடத்திலும் அமிலம் கொண்டு கழுவக் கூடாது.

### கலத்திலேயே உண்டாகிறது என்றால்

அணைத்தவுடன் கலத்திலிருந்து ஒரு துளி எடுத்து, டிரைஎதில் அமீன் சேர்த்து ஓட்டிய தகட்டிலும் ஆல்டிஹைடு இருந்தால் நீரைத் தேட வேண்டும். இந்தக் கலத்தில் மெத்தனாலுக்கு நேரடிப் போட்டியாளர் நீர். நேர்மின்வாயில் உண்டாகும் நேரயனியை மெத்தனால் பிடித்தால் ஈதரும் அசிட்டாலும். நீர் பிடித்தால் ஆல்கஹாலும் ஆல்டிஹைடும். மெத்தனால் மிகுதியாக இருப்பதால் கொஞ்சம் நீர் தீங்கு செய்யாது என்று எண்ண வேண்டாம். உண்டான அசிட்டாலையும் அமிலத் துணையுடன் அதே நீர் உடைக்கிறது.

சில இடங்களில் நீரற்ற காப்பர் சல்ஃபேட்டைப் போட்டு நீலமாகிறதா என்று பார்க்கிறார்கள். மெத்தனாலே அந்த உப்பை ஓரளவு கரைப்பதால் இங்கே அச்சோதனை ஏமாற்றும். நம்பத்தக்கது கார்ல் ஃபிஷர் தரம்பார்ப்பு ஒன்றே; அந்தக் கருவி இல்லாத ஆய்வகம், புதிதாகத் திறந்த புட்டியிலிருந்து எடுத்த மெத்தனாலில் ஓர் ஓட்டமும் பழைய புட்டியில் ஓர் ஓட்டமும் சிறிய அளவில் செய்து ஒப்பிடலாம். வேறுபாடு தெரிந்தால் குற்றவாளி புட்டிதான்.

உலர்த்துவதற்கு 3 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூறு சல்லடையே வேண்டும். 4 ஆங்ஸ்ட்ராம் சல்லடையின் துளைக்குள் மெத்தனாலும் நுழைந்துவிடுவதால், அது நீரை எடுப்பதற்கு இடமில்லாமல் போகும். கடையில் வாங்கி வந்த டப்பாவிலிருந்து நேரடியாகப் போட்ட சல்லடை பெரும்பாலும் ஏற்கெனவே ஈரம் குடித்துத்தான் இருக்கும். கையுறை அணிந்த உள்ளங்கையில் சில மணிகளை வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கவும்: சட்டென்று சூடேறினால் அது உயிரோடு இருக்கிறது, சூடு தெரியவில்லை என்றால் 250 முதல் 300 டிகிரியில் பல மணி நேரம் வைத்து மீட்க வேண்டும். மெத்தனால் பட்ட பழைய சல்லடையை அந்தச் சூட்டில் வைப்பது தீ விபத்துக்கு வழி. மீட்பது புதிய சல்லடையை மட்டுமே. மெத்தனாலில் ஐந்தில் ஒரு பங்கு எடைக்குச் சல்லடை போட்டு, சில நாட்கள் மூடி வைத்து, அசைக்காமல் மேலாக எடுத்துப் பயன்படுத்தவும்.

மெத்தனாலும் உப்பும் உலர்ந்திருந்தும் ஆல்டிஹைடு வந்தால், கலத்தின் வாய் திறந்திருக்கிறது. மேகம் ஜன்னல் வழியே அறைக்குள் நுழையும் நாட்களில் ஐந்து மணி நேரம் திறந்திருக்கும் கலம் வேண்டிய அளவுக்கு நீரைச் சேர்த்துக்கொள்ளும். மூடியில் ஒரு வாயு வெளியேற்றும் குழாயும், அதன் முனையில் நீரற்ற கால்சியம் குளோரைடு நிரப்பிய உலர்குழாயும் இருக்க வேண்டும். ஈரமான கால்சியம் குளோரைடு கெட்டியாகிக் குழாயை அடைத்துவிட்டால் ஹைட்ரஜன் வெளியேற வழியின்றி மூடி தெறிக்கும் என்பதால், ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன் அதன் வழியாக வாயு செல்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

## அறிகுறி 4: கரைசல் பழுப்பாகிறது அல்லது கறுக்கிறது

ஒரு மில்லிலிட்டரை வடிதாளில் வடிக்கவும். தாளில் கருந்துகள் தங்கி, வடிந்த நீர்மம் தெளிவாக இருந்தால் கிராஃபைட் உதிர்கிறது. தாள் வழியே பழுப்பு நிறமும் இறங்கினால் பலபடிதான் காரணம்.

கிராஃபைட் உதிர்வது மின்னோட்ட அடர்த்தி மிகுந்ததாலோ, எதிரயனிகள் அடுக்குகளுக்குள் புகுந்து பிரிப்பதாலோ நிகழ்கிறது. மூழ்கிய பரப்பை அளந்து, சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லிஆம்பியருக்கு மிகாமல் கொண்டுவரவும். மட்டமான கிராஃபைட் தண்டுகள் எந்த மின்னோட்டத்திலும் உதிரும். பழைய பேட்டரியிலிருந்து எடுத்த தண்டுகளை இதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் அவற்றில் மெழுகும் உலோக அசுத்தங்களும் இருக்கின்றன.

பலபடி என்றால், முதலில் கலக்கும் வேகத்தைக் கூட்டவும், பிறகு மின்னோட்டத்தைப் பாதியாக்கவும், அதற்குப் பிறகு தொடக்கப்பொருளின் தூய்மையைப் பார்க்கவும். ஃபீனால் வகை அசுத்தங்கள் மற்ற எதற்கும் முன்பாக ஆக்சிஜனேறி மின்வாயை மூடும். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு முறை கழுவி, உலர்த்தி, வாலைவடித்தால் போய்விடும். தேவையான மின்னூட்டத்தைத் தாண்டி இரவு முழுக்க ஓடவிட்டதும் காரணமாக இருக்கலாம். அந்தக் கரைசலை மீட்க முயல்வது நேர விரயம்.

## அறிகுறி 5: கலத்தில் மெத்தனால் மட்டம் இறங்குகிறது

மின்வாயின் ஓரம் கரைசலுக்கு மேலே தெரிந்தால் உடனே அணைக்கவும். மற்ற சில அறிகுறிகளை ஆராய்ந்துகொண்டே ஓட்டலாம். இதில் அது கூடாது.

வினை மெத்தனாலை உட்கொள்வதால் மட்டம் இறங்குகிறது என்ற விளக்கம் தவறு. 10 மில்லிமோல் தொடக்கப்பொருள் 20 மில்லிமோல் மெத்தனாலைத்தான் எடுத்துக்கொள்ளும், அது 0.8 மில்லிலிட்டர். வெளியேறும் ஹைட்ரஜன் கூடவே கொண்டுசெல்வதும் சொற்பமே. கண்ணுக்குத் தெரியும் அளவு குறைந்தால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். மூடி இறுக்கமாக இல்லை. அல்லது, கலத்துக்குள் நைட்ரஜன் விடுவதாக இருந்தால், அது தேவைக்கு மேல் வேகமாகப் போகிறது: நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர் என்று விட்டால் 15 டிகிரியிலேயே ஓர் ஓட்டத்துக்கு 6 மில்லிலிட்டர் மெத்தனால் பறந்துவிடும். அல்லது கலம் சூடாகிறது. அறிகுறி 1-ஐக் கவனிக்காமல் 20 வோல்ட்டில் ஓட்டினால் 4 வாட் வெப்பம் உண்டாகும். அது முழுவதும் ஆவியாதலுக்குச் சென்றால் மணிக்கு 15 மில்லிலிட்டர் வரை குறையும். 64.7 டிகிரி என்று நூல்களில் உள்ள மெத்தனாலின் கொதிநிலை ஊட்டியில் 58 டிகிரிதான் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே கீழே சமவெளியில் ஓடும் அமைப்பை அப்படியே மேலே கொண்டுவந்து வைத்தால் போதாது, குளிர்விப்பான் வேண்டும். குழாய்த் தண்ணீரே மலையில் போதிய குளிர்ச்சியோடு வருவது நமக்குள்ள வசதி.

குறைந்த மெத்தனாலை ஈடுசெய்வதாக இருந்தால், அணைத்து, காற்றோட்டம் விட்டு, உலர்ந்த மெத்தனாலை ஊற்றி, மட்டத்தைக் கண்ணாடியின் மேல் குறித்த பிறகே தொடங்க வேண்டும்.

## அறிகுறி 6: மின்சாரம் போய்த் திரும்பிய பிறகு முடிவுகள் பொருந்தவில்லை

காற்றுக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுவது இங்கே வழக்கம். சில பவர் சப்ளைகள் மின்சாரம் திரும்பியதும் பழைய அமைப்பிலேயே வெளியேற்றத்தைத் தொடங்கிவிடும். சில பூச்சியத்தில் நிற்கும். கூலும் எண்ணி இருக்கும் கருவிகளில் அது அழிந்துவிடுவதும் உண்டு. எந்த வகை என்பதைக் கலம் இல்லாமல், 100 ஓம் மின்தடையை வைத்து, சுவிட்சை அணைத்துப் போட்டு முன்னதாகவே தெரிந்துகொள்ளவும். தானாகத் தொடங்கும் வகை என்றால் ஆளில்லாமல் ஓட்டவே கூடாது, ஏனெனில் மின்தடையின்போது காந்தக் கலக்கியும் ஃபியூம் ஹுட்டின் விசிறியும் நின்றிருக்கும். விசிறி தானாகத் திரும்பாமல் கலம் மட்டும் திரும்பினால் ஹைட்ரஜன் பெட்டிக்குள் தேங்கும். அரை மணிக்கொரு முறை நேரம், மின்னோட்டம், மின்னழுத்தம் மூன்றையும் கையால் எழுதிவைத்தால் இடைவெளிக்குப் பின் எஞ்சிய கூலும்களைக் கணக்கிட்டுத் தொடரலாம். யு.பி.எஸ். வைப்பதானால் கலத்துக்கு முன் விசிறிக்கு வைக்க வேண்டும்.

மின்சாரம் திரும்பிய பின் கலத்தின் உலோகத் தாங்கியைத் தொடும்போது கூச்சம் போன்ற அதிர்ச்சி தெரிந்தால் நிலக்கம்பி இணைப்பு அறுந்திருக்கிறது. முதன்மை சுவிட்சை அணைத்து, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்கும்வரை அந்த மேசையில் எதையும் இயக்கக் கூடாது.

## அறிகுறி 7: ஓட்டுபவருக்குத் தலைவலி, குமட்டல், பார்வை மங்கல்

இதில் வரிசையாகச் சோதிக்க ஒன்றுமில்லை. கலத்தை அணைத்து, அறையை விட்டு வெளியே வந்து, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மெத்தனாலின் கடுமையான விளைவுகள் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே வெளிப்படும். பார்வை நரம்பு கெட்ட பிறகு மீட்பது அரிது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் நேர்ந்த உயிரிழப்புகளை நாம் எல்லாரும் அறிவோம். மெத்தனாலை வைத்திருக்க உரிமமும், இருப்புக் கணக்கும், பூட்டிய அலமாரியும் தேவைப்படுவது இதற்காகவே. 50 மில்லிலிட்டர் எடுத்தாலும் பதிவேட்டில் எழுதிவிட்டே எடுக்க வேண்டும்.

மருத்துவரிடம் “கெமிக்கல் பட்டுவிட்டது” என்று பொதுவாகச் சொல்லக் கூடாது. மெத்தனால் என்ற பெயரையும், உள்ளே போனது சுவாசம் வழியாகவா தோல் வழியாகவா வாய் வழியாகவா என்பதையும், எத்தனை மணிக்கு என்பதையும் சொல்ல வேண்டும். முடிந்தால் புட்டியின் மேலுள்ள தாளைப் படமெடுத்துக் காட்ட வேண்டும். ஃபோமெபிசோல், எத்தனால், டயாலிசிஸ் என்று இதற்கெனத் தனி மருத்துவம் உண்டு. எதைக் கொடுப்பது என்பதை அவர்தான் முடிவு செய்வார், பெயர் தெரிந்தால்தான் அவரால் முடிவு செய்ய முடியும்.